இலக்கணக் கல்வியின் பயன்: பதஞ்சலி முதல் பல்கலைக்கழகம் வரை

1. முன்னுரை

ஒரு நூலை ஏன் கற்க வேண்டும் என்னும் வினாவிற்கு விடை கூறிய பின்னரே அந்நூலைக் கற்பிக்கத் தொடங்குவது இந்திய நூல்மரபின் பொதுவான வழக்கம். நூல் நுவலும் பொருள், அதனால் எய்தும் பயன், இவற்றிற்கிடையேயுள்ள தொடர்பு, கற்றற்கு உரியவன் ஆகிய நான்கும் நூன்முகத்தில் விளங்க வேண்டும் என்பது வடமொழி மரபு. தமிழ் மரபோ சிறப்புப்பாயிரத்திற்கு எட்டு இலக்கணங்களை வகுக்கிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள் என்பவற்றை அடுத்துக் கேட்போர், பயன் என்னும் இரண்டும் அவற்றுள் இடம்பெறுகின்றன. யாருக்காக, எதற்காக என்னும் இவ்விரு வினாக்களும் இரு மரபுகளிலும் விடுபடாமல் நிற்பது நோக்கத்தக்கது.

கல்வியின் பயன் என்னும் பரந்த பொருளை இலக்கணக் கல்வி என்னும் ஒரு துறையளவில் நிறுத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். மொழியைப் பேசுவோர் எல்லாரும் அதனை இலக்கணம் கல்லாமலேயே பேசுகின்றனர். ஆதலின் இலக்கணம் கற்பது எதற்காக என்னும் வினா பிற துறைகளைவிட இத்துறையில் கூர்மையாக எழுகிறது. பதஞ்சலியின் மகாபாஷ்யமும் பவணந்தியின் நன்னூலும் இவ்வினாவிற்குத் தரும் விடைகளையும், 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அவ்விடைகள் மாறிய வகையினையும் இங்குத் தொடர்ந்து காணலாம்.

2. பதஞ்சலி எதிர்கொண்ட வினா

பாணினியின் நூற்பாக்களுக்குக் காத்தியாயனர் வார்த்திகம் இயற்றினார். அவ்வார்த்திகங்களை ஆராய்ந்து, கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவராகக் கருதப்படும் பதஞ்சலி மகாபாஷ்யத்தை எழுதினார். அதன் முதற்பகுதியாகிய பஸ்பசாகினிகம் இலக்கணக் கல்வியின் பயன் எவை என்னும் வினாவை எழுப்பி விடை கூறுகிறது.

அவ்வினா எழுந்த சூழலைப் பதஞ்சலியே தெரிவிக்கிறார். முற்காலத்தில் அந்தண மாணாக்கர் உபநயனம் முடிந்தவுடன் இலக்கணம் பயின்றனர். எழுத்துகளின் பிறப்பிடமும் முயற்சியும் அறிந்த பின்னரே அவர்களுக்கு வேதச் சொற்கள் கற்பிக்கப்பட்டன. இக்காலத்திலோ அவர்கள் வேதத்தை ஓதியவுடன் விரைந்து பேசத் தொடங்கிவிடுகின்றனர். வேதச் சொற்களை வேதத்திலிருந்தும் உலகச் சொற்களை உலகத்திலிருந்தும் அறிந்துகொண்டோம், இலக்கணத்தால் ஆவது ஒன்றுமில்லை என்பது அவர்கள் வாதம். இவ்வாறு மயங்கிய மாணாக்கர்க்கு ஆசிரியர் நண்பராக நின்று பயன்களை எடுத்துரைக்கிறார் என்கிறார் பதஞ்சலி.

இப்பகுதி இரு செய்திகளை உணர்த்துகிறது. இலக்கணத்தால் என்ன பயன் என்னும் வினா நம் காலத்துக் கல்விச் சரிவினால் பிறந்ததன்று. அது குறைந்தது இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. அவ்வினாவைக் கேட்டவனை மரபு கடிந்து ஒதுக்கவும் இல்லை. காரணம் காட்டித் தெளிவிக்க முற்பட்டது.

மாணாக்கரின் வாதத்தில் உள்ள உண்மையையும் பதஞ்சலி மறுக்கவில்லை. குடம் வேண்டுவோன் குயவன் இல்லம் சென்று குடம் செய்து தருமாறு கேட்கிறான். சொல் வேண்டுவோன் எவனும் இலக்கண ஆசிரியரிடம் சென்று சொல் செய்து தருமாறு கேட்பதில்லை என்று அவரே வேறோரிடத்தில் குறிப்பிடுகிறார். சொல் உலக வழக்கினது. இலக்கணம் அதனைப் படைப்பதில்லை. வழக்கும் செய்யுளும் ஆகிய இரண்டையும் முதலாகக் கொண்டு நூல் செய்யப்பட்டது என்னும் தொல்காப்பியச் சிறப்புப்பாயிரத்தின் கருத்தும் இதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது. அவ்வாறாயின், வழக்கிலேயே கிடைக்கும் ஒன்றைக் கற்பதற்குத் தனியே ஒரு காரணம் வேண்டும்.

3. ஐந்து பயன்கள்

பதஞ்சலி கூறும் முதன்மையான பயன்கள் ஐந்து: இரட்சை, ஊகம், ஆகமம், இலகு, அசந்தேகம். இவற்றையடுத்து வேறு பதின்மூன்று பயன்களையும் அவர் தொகுத்துத் தருகிறார். ஐந்தனுள் இரட்சை என்பது வேதத்தைக் காத்தல். எழுத்தின் கெடுதலும் தோன்றலும் திரிதலும் அறிந்தவனே பாடத்தைப் பிழையின்றிக் காக்க வல்லவன். ஆகமம் என்பது விதி. ஆறு அங்கங்களோடு கூடிய வேதத்தை ஒரு காரணமும் கருதாமல் கடமையாகக் கற்க வேண்டும் என்பது அது. பயன்களின் பட்டியலுக்குள்ளேயே பயன் கருதாக் கல்வியும் இடம்பெறுவது வியப்பிற்குரியது. இலகு என்பது எளிமை. சொற்களை அறிதற்கு இலக்கணத்தினும் எளிய வழி வேறில்லை.

எஞ்சிய இரண்டும் மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் ஆழ்ந்து நோக்க வேண்டியவை.

ஊகம் என்னும் சொல் இன்றைய தமிழில் உய்த்துணர்தல் என்றும், சான்றின்றிக் கருதுதல் என்றும் பொருள்படுகிறது. பதஞ்சலி வழங்கும் பொருளோ வேள்வித்துறையின் கலைச்சொல்லுக்கு உரியது. வேதத்தில் மந்திரங்கள் எல்லாப் பாலிலும் எல்லா வேற்றுமையிலும் ஓதப்படவில்லை. அக்கினிக்கு உரிய மந்திரம் சூரியனுக்கு உரிய சடங்கில் வழங்கப்படும்போது பெயரையும் அதற்கேற்ற உருபையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இலக்கணம் அறியாதவன் இதனைச் செய்ய இயலாது. ஓரிடத்திற்கென அமைந்த பாடத்தைப் பிறிதோரிடத்திற்குப் பொருத்தும்போது எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என அறியும் திறனே ஊகம். மொழிபெயர்ப்பாளர் நாள்தோறும் செய்யும் பணியும் இதுவேயாகும்.

அசந்தேகம் என்பது ஐயம் நீக்கல். வேள்வியில் வழங்கும் ஸ்தூலபிருஷதீ என்னும் தொகைச்சொல்லைப் பதஞ்சலி சான்றாகக் காட்டுகிறார். பருத்ததும் புள்ளிகளை உடையதுமான பசு என்றும், பெரும்புள்ளிகளை உடைய பசு என்றும் இதற்கு இருபொருள் கொள்ள இடமுண்டு. தொகையின் சுர அமைப்பை அறிந்தவன் இதனை எளிதில் துணிவான். அறியாதவன் எப்பசுவைக் கொள்வது எனத் தெரியாது நிற்பான்.

தமிழ் இலக்கணமும் இவ்வையத்தை நன்கு அறிந்திருந்தது. தொகைச்சொல் இரண்டு முதலாக ஏழு பொருள்வரை மயங்கி வரும் என்கிறது நன்னூல். தெய்வ வணக்கம் என்பது தெய்வத்தை வணங்கும் வணக்கமாகலாம்; தெய்வத்திற்கு வணக்கமும் ஆகலாம். சொல்லிலக்கணம் என்னும் தொகையை ஏழு வகையாக விரித்துக் காட்டுவது உரைமரபு. சொல்லினது இலக்கணம், சொல்லுக்கு இலக்கணம், சொல்லின்கண் இலக்கணம் எனத் தொடங்கி, சொல்லினது இலக்கணத்தை உணர்த்திய நூல் என்னும் அன்மொழித்தொகை வரை அது செல்கிறது. இலக்கண நூலின் ஒரு பகுதியைக் குறிக்கும் பெயரே இத்துணை ஐயத்திற்கு இடம் தருவதை உரையாசிரியர்கள் மாணாக்கர்க்கு உணர்த்தினர். வேற்றுமொழியில் பெயர்ப்பவர் தொகையைத் தொகையாகவே விட்டுச்செல்ல எப்போதும் இயலுவதில்லை. ஏழனுள் ஒன்றைத் துணிந்தே ஆக வேண்டும்.

இரட்சையும் ஆகமமும் வேதம் ஓதுதல் என்னும் சமய நிறுவனத்தைச் சார்ந்தவை. ஊகமும் அசந்தேகமும் வேள்விச்சூழலில் தோன்றியவையே எனினும் அச்சூழலைக் கடந்தும் நிற்கக்கூடியவை. பாடம் ஒன்று உள்ளவரை ஐயமும் உண்டு. அதனைப் புதிய இடத்தில் வழங்க வேண்டிய தேவை உள்ளவரை மாற்றமும் உண்டு.

4. எல்லை கடந்து வந்த மாணாக்கர்

வேதத்தைக் காக்கும் பொருட்டு வகுக்கப்பட்ட இலக்கணம் வேதத்தை ஏற்காதவர்க்கும் பயன்பட்டதற்குச் சீனத் துறவி இத்சிங் சிறந்த சான்றாவார். கி.பி. 671இல் கடல்வழியாகப் புறப்பட்ட அவர் ஸ்ரீவிசயத்தில் ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். பின்னர் நாளந்தாவில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கற்று, 695இல் பௌத்த ஏடுகளுடன் சீனம் திரும்பினார். எஞ்சிய வாழ்நாளை மொழிபெயர்ப்பில் செலவிட்டார்.

இந்தியாவில் அக்காலத்தே நிலவிய இலக்கணக் கல்விமுறையை இத்சிங் தம் குறிப்புகளில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். குழந்தைகள் ஆறு வயதில் எழுத்துகளைக் கற்கத் தொடங்குகின்றனர். எட்டு வயதில் பாணினியின் நூற்பாக்களைத் தொடங்கி எட்டுத் திங்களில் ஒப்பிக்கின்றனர். விருத்தியுரையைப் பதினைந்து வயதில் தொடங்கினால் பொருள் விளங்க ஐந்தாண்டு ஆகும். அதற்கு மேற்பட்ட நிலையில் பதஞ்சலியின் பேருரையைக் கற்க மூன்றாண்டு வேண்டும். நூற்பாவை மனப்பாடம் செய்ய எட்டுத் திங்களும் அதனைப் பொருளுணர்ந்து கற்க எட்டு ஆண்டுகளும் ஆன கணக்கினை இது காட்டுகிறது. ஒப்பிப்பதைக் கல்வியின் முடிவாக அம்மரபு கருதவில்லை என்பதற்கு இக்கால அளவே சான்று.

இந்தியாவிற்குக் கற்கச் செல்லும் சீனர் முதலில் இவ்விலக்கணத்தைக் கற்க வேண்டும், இன்றேல் பயணம் வீணாகும் என்னும் கருத்தினர் இத்சிங். அவருக்கு இலக்கணம் வேதத்தைக் காப்பதற்குரிய கருவியாக இல்லை; புத்தர் மொழியை ஐயமின்றி உணர்ந்து வேறொரு மொழியில் வழங்குதற்குரிய கருவியாக இருந்தது. பதஞ்சலி வகுத்த ஐந்தனுள் முதற்பயன் அவரிடம் இல்லை. இரண்டாவதும் ஐந்தாவதும் நிறைவாக உள்ளன. இதே தேவையினால்தான் திபெத்தியரும் வடமொழி இலக்கண நூல்களைத் தம் மொழியில் பெயர்த்தனர்; 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகாவியுத்பத்தி என்னும் இருமொழிச் சொற்றொகுதியும் அவர்களிடையே உருவாயிற்று.

5. நன்னூற்பாயிரம் கூறும் பயன்

13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்கச் சமண முனிவராகிய பவணந்தி நன்னூலை இயற்றினார். அதன் பொதுப்பாயிரம் நூல், நுவல்வோன், நுவலும் திறன், கொள்வோன், கோடற்கூற்று என்னும் ஐந்தனையும் விளக்குகிறது. நூலின் பயன் அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கினையும் அடைதல் என்று அது பொதுவகையால் கூறுகிறது. ஆயினும் அப்பாயிரத்தில் நூலின் மாண்பை விளக்கும் உவமையே கருத்தைக் கவர்வது. தச்சன் மரத்தின் கோணலைத் தீர்க்க இடும் கயிற்றிற்கும் நூல் என்று பெயர். அவ்வாறே மாந்தர் மனத்தின் கோட்டத்தைத் தீர்ப்பது கற்கும் நூல்.

இவ்வுவமையின் கூறுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். தச்சன் நூலால் மரத்தை அறுப்பதில்லை. அறுக்க வேண்டிய இடத்தை அறிந்துகொள்கிறான். கோணல் எங்கே உள்ளது எனக் காட்டுவதே நூலின் தொழில். பதஞ்சலி ஐயம் நீக்கல் என்று கூறியதும் பவணந்தி கோட்டம் தீர்த்தல் என்று கூறியதும் ஓரினத்தவை. முன்னது பாடத்தில் உள்ள சிக்கலையும் பின்னது கற்பவன் மனத்தில் உள்ள சிக்கலையும் நோக்குகின்றன.

எனினும் இம்மரபின் குறையையும் மறைத்தலாகாது. பதஞ்சலியின் விளக்கம் அந்தண மாணாக்கரையே முன்னிலைப்படுத்துகிறது. நன்னூற்பாயிரம் தன் மகன், ஆசான் மகன், மன்னன் மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்போன், வழிபடுவோன், உரைத்ததைக் கொள்ளும் ஆற்றலுடையோன் ஆகியோர்க்கு நூல் உரைக்கலாம் என்கிறது. இறுதியில் நிற்கும் ஒருவனுக்கே அறிவு தகுதியாகிறது. ஏனையோருள் பெரும்பாலோர் உறவாலும் செல்வத்தாலும் தகுதி பெறுகின்றனர். பயனைப் பற்றி அகன்ற நோக்குடைய மரபு கேட்போரைப் பற்றிக் குறுகிய நோக்குடையதாக இருந்தது. பெண்களும் உழைக்கும் மக்களும் இப்பட்டியல்களில் தோன்றவில்லை.

6. காற்கூறும் அரைக்கூறும்

கல்வியின் பயன் எப்போது நிறைவுறும் என்பதிலும் இரு நூல்களும் ஒத்த சிந்தனை உடையன. பிரகஸ்பதி ஆசிரியராகவும் இந்திரன் மாணாக்கனாகவும் இருந்து, தேவர் கணக்கில் ஆயிரம் ஆண்டுகள் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்தோதியும் முடிவு காணவில்லை என்னும் கதையைப் பதஞ்சலி கூறுகிறார். நூறாண்டு வாழும் மனிதன் அவ்வழியில் சென்றால் என்னாவது? ஆசிரியரிடம் பெறும் காலம், தானே பயிலும் காலம், பிறர்க்கு எடுத்துரைக்கும் காலம், வழக்கில் பயன்படுத்தும் காலம் என நான்கு வகையால் கல்வி பயன்படுகிறது. சொற்களை எண்ணிக் கற்பவனுக்குப் பெறும் காலத்திலேயே ஆயுள் முடிந்துவிடும் என்கிறார். பொதுவிதியும் சிறப்புவிதியும் அமைந்த இலக்கணம் தேவைப்படுவது இதனாலேயாகும்.

நன்னூல் இதனைக் கணக்காகவே தருகிறது. ஆசான் உரைத்ததை நன்றாகக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்கூறு. உடன்பயில்வோரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு. எஞ்சிய அரைக்கூறு பிறர்க்குச் செவ்வையாக உரைப்பதனால் வருவது. நூல் பயிலும் இயல்பாக அது கூறும் ஏழனுள் வழக்கறிதல் முதலில் நிற்கிறது. பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல், ஆசானைச் சார்ந்து மீண்டும் கேட்டல், தக்கோரோடு பயிறல் என்பன தொடர்கின்றன. வினாதலும், வினாயவற்றிற்கு விடையிறுத்தலும் இறுதியில் நிற்கின்றன.

பதஞ்சலியின் நான்கு காலங்களும் நன்னூலின் நான்கு காற்கூறுகளும் முற்றும் ஒன்றல்ல. தானே பயிலுதல் முன்னதில் தனிக்கூறு. உடன்பயில்வோர் பின்னதில் தனிக்கூறு. ஆயினும் பெறுவது கல்வியின் ஒரு சிறுபகுதியே என்பதிலும், பிறர்க்கு உரைக்காத கல்வி நிரம்பாதது என்பதிலும் இரண்டும் உடன்படுகின்றன. பிறர்க்கு உரைக்கும்போதுதான் தனக்கு விளங்காத இடம் எது என்பது உரைப்பவனுக்குப் புலப்படுகிறது.

7. புதிய பயன்களும் புதிய வாயில்களும்

18ஆம் நூற்றாண்டு முதல் இலக்கணக் கல்விக்கு வேறு பயன்கள் தோன்றின. 1716இல் ஹாலே நகரில் சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் அச்சேறியது. 1738இல் வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. சமயப் பணியாளர் மக்களோடு பேசுதற்கு வேண்டிய மொழியறிவைத் தருவது இவற்றின் நோக்கம். 1783இல் கல்கத்தா வந்த நீதிபதி வில்லியம் ஜோன்ஸ், இந்துச் சட்டத்தில் பண்டிதர்களையே நம்பியிருக்க விரும்பாமல் வடமொழி கற்றார். சென்னையில் 1812இல் நிறுவப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி கும்பினியின் இளம் அலுவலர்க்கு நாட்டுமொழிகளைக் கற்பித்தது. ஆட்சியே இங்குப் பயனாயிற்று.

எனினும் கருதிய பயன் ஒன்றாகவும் விளைந்த பயன் பிறிதொன்றாகவும் அமைந்தன. சட்டத்திற்காகக் கற்ற ஜோன்ஸ் 1786இல் வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றின் உறவைச் சுட்டினார். ஆட்சிக்கல்லூரியை வழிநடத்திய எல்லிஸ், 1816இல் கேம்பல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரைப் பகுதியாக, தென்னிந்திய மொழிகள் தம்முள் ஓரினத்தவை, வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல என்பதை நிறுவினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே இது நிகழ்ந்தது. எல்லிஸ் தாதுக்களை அடுக்கி ஒப்பிட்டே இம்முடிவிற்கு வந்தார். சொல்லைப் பகுதியாகப் பிரித்துக் காணும் நாட்டு இலக்கண மரபும், கல்லூரியில் பணிபுரிந்த புலவர்களின் துணையும் அவர்க்கு உதவின. கேள்வியும் உடன்பயில்வோரும் இன்றி இக்கண்டுபிடிப்பு நிகழ்ந்திராது.

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றியபின் தேர்வே பயனாகியது. இதனால் நேர்ந்த நன்மை பெரிது. ஆசான் மகனுக்கும் மன்னன் மகனுக்கும் உரியதாயிருந்த கல்வி, காலம் செல்லச் செல்ல, எக்குடியிற் பிறந்தோரும் பெண்களும் எழுதக்கூடிய தேர்வாயிற்று. கேட்போர் என்னும் பாயிரவுறுப்பை நம் மரபு தானாக விரித்துக்கொள்ளவில்லை; புதிய கல்விமுறையும் சமூக இயக்கங்களுமே அதனை விரித்தன. ஆனால் கேட்போர் பெருகிய அளவிற்குப் பயன் பெருகவில்லை. ஆசானிடம் பெற்றதைத் தாளில் திருப்பித் தருவது காற்கூற்றுக் கல்வி. தேர்வு அக்காற்கூற்றையே முழுமையாக அளவிட்டது. நன்னூற்பாயிரம் கூறும் காற்கூற்றுக் கணக்கினை ஒப்பித்து மதிப்பெண் பெறும் மாணவர், அக்கணக்கின்படித் தாம் முக்கால் பங்கினை இழந்திருப்பதை உணர வாய்ப்பில்லை.

8. முடிவுரை

இதுவரை கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, இலக்கணக் கல்விக்கு வேள்வி, சமயப்பணி, ஆட்சி, தேர்வு எனக் காலந்தோறும் புறப்பயன்கள் கூறப்பட்டன. அவை கால எல்லைக்கு உட்பட்டவை. இரண்டாவது, பாடத்தின் ஐயம் நீக்கலும் அதனைப் புதிய சூழலுக்கு ஏற்ப வழங்குதலும் இவ்வெல்லா நிலைகளிலும் அகப்பயன்களாகத் தொடர்ந்தன. மூன்றாவது, அகப்பயன் கைகூடுவது பெறுதலால் மட்டுமன்று. வினாவுதல், உடன்பயிறல், பிறர்க்கு உரைத்தல் ஆகியவற்றாலாகும்.

இன்று கணிப்பொறி நொடிப்பொழுதில் சொற்களைத் தருகிறது, மொழிபெயர்ப்பையும் தருகிறது. பதஞ்சலியிடம் வாதிட்ட மாணாக்கரின் குரல் மீண்டும் கேட்கிறது: சொற்கள் வேண்டிய அளவு கிடைக்கின்றன, இலக்கணம் எதற்கு? சொற்பெருக்கு ஐயத்தை நீக்குவதில்லை என்பதே பிரகஸ்பதி கதையின் கருத்து. தெய்வ வணக்கம் என்பதற்கு ஒரு மொழிபெயர்ப்பைக் கருவி தரக்கூடும். அது இரண்டனுள் எதனைத் துணிந்தது, ஏன் துணிந்தது என்று வினவிப் பொறுப்பேற்க வேண்டியவர் மொழிபெயர்ப்பாளரே.

மொழியியல் துறைகளிலும் மொழிபெயர்ப்புப் பயிற்சிகளிலும் நன்னூலையும் பாணினியத்தையும் கோட்பாடுகளுக்குச் சான்று எடுக்கும் களஞ்சியங்களாக மட்டும் பயன்படுத்துகிறோம். அவற்றின் பாயிரங்கள் பயிற்றுமுறை நூல்களாகவும் விளங்குவன என்பதை மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு மாணவரும் தாம் கற்ற ஒரு நூற்பாவையேனும் உடன்பயில்வோர்க்கு உரைத்து அவர்தம் வினாக்களுக்கு விடையிறுக்கவும், ஒரு தொகையையேனும் விரித்துத் தம் மொழிபெயர்ப்பிற்குக் காரணம் காட்டவும் பாடத்திட்டத்தில் இடம் செய்தல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. வகுப்பறையில் சிறிது நேரமும், வினாவை மதிக்கும் ஆசிரியரும் போதும். நண்பராக நின்று பயன் உரைத்த ஆசிரியரைப் பதஞ்சலி காட்டுகிறார். இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவருள் பலர், பழைய பாயிரங்கள் கேட்போராக எண்ணிப் பாராத குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குக் காற்கூற்றை மட்டும் கொடுத்து அனுப்புவது முறையாகாது.